இலவச அரிசி எல்லோருக்குமா, ஏழைகளுக்கு மட்டுமா? கடைக்குள்ளிருந்து ஒரு கேள்வி

கெடிலக்கரை
2025 நவம்பர் 15, இரவு 9:40

பண்ருட்டிப் பக்கம் ஒரு நியாயவிலைக் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த 2008இல்தான் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூனில் அந்த ஒரு ரூபாயும் வேண்டாம் என்று இலவசமானது. அன்றிலிருந்து ஒரே கேள்வியைப் பலர் நூறு விதமாகக் கேட்டுவிட்டார்கள். காரில் வந்து இறங்குகிறவருக்கும் எதற்கு இலவச அரிசி? உண்மையான ஏழைக்கு மட்டும் கொடுத்தால் என்ன? போன வாரம் இந்தக் களத்திலேயே இரண்டு இழைகளில் அதே பேச்சைப் பார்த்தேன். கோபத்தில் பதில் எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்திருந்து இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஓர் அம்மா கடைக்கு வந்தார். 58 வயது. தனியாக இருக்கிறார். ஒருவர் மட்டும் உள்ள அட்டை என்பதால் மாதம் 12 கிலோ அரிசி. முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கொட்டை ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலை அரித்துவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்து, பொருக்குத் தட்டி, உரிந்து, கடைசியில் வழுவழுப்பாகிவிடும். அதில் ரேகை என்று தேட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கடையின் கைரேகைக் கருவியில் வலது கைப் பெருவிரலை வைத்தார், பிறகு ஆள்காட்டி விரலை, பிறகு இடது கை விரல்களை ஒவ்வொன்றாக. கருவி ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி வைத்தார். மழை வேறு. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். செல்பேசிக்கு ஓர் எண் வரும், அதைச் சொல்லுங்கள் என்றேன். அட்டையில் பதிந்திருப்பது மகனுடைய எண். மகன் கேரளத்துக்குப் போய் எண்ணை மாற்றி மூன்று வருடமாகிறது.

கைரேகை விழாவிட்டால் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அரசு உத்தரவு. கொடுத்துவிட்டேன். ஆனால் அப்படிக் கொடுத்த ஒவ்வொன்றுக்கும் தணிக்கையில் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து, "நாளைக்கு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புகிற விற்பனையாளர்களை எனக்குத் தெரியும். நாளைக்கு வந்தால் அந்த அம்மாவுக்கு இன்னொரு நாள் கூலி போயிற்று. மூன்றாவது முறை வரமாட்டார். "அரிசி வாங்காத அட்டை" என்று அவர் பெயர் ஒரு பட்டியலில் ஏறும்.

எல்லோருக்கும் அரிசி உண்டு என்கிற மாநிலத்தில், அட்டை கையில் இருக்கிற ஒருவருக்கே இந்தப் பாடு. இதற்கு மேல் "நீ ஏழைதான் என்று நிரூபி" என்று இன்னொரு படியை வைத்தால் அதில் யார் தடுக்கி விழுவார்கள்? அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

---

கணக்குப்பிள்ளை
நவம்பர் 15, இரவு 10:25

அம்மா, நீங்கள் சொன்ன பெண்ணுக்கு அரிசி கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நான் அந்த இரண்டு இழைகளில் எதிர்த்து எழுதியவன். என் வாதத்தையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மாநிலத்தில் 2 கோடியே 20 இலட்சத்துக்கும் மேல் அட்டைகள். இதில் கணிசமானோர் அந்த அரிசியைச் சமைப்பதில்லை. எங்கள் தெருவிலேயே வாங்கி, மாவு அரைக்கிறவருக்கு விற்றுவிடுகிறார்கள். கோழித் தீவனத்துக்குப் போகிறது, எல்லை தாண்டிப் போகிறது. கடத்தல் வழக்குச் செய்தி இல்லாத மாதம் உண்டா?

மறுபக்கம் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லை. அரிசி வயிற்றை நிரப்புகிறது, இரத்தத்தை ஊற வைக்கவில்லை. வேண்டாதவருக்குப் போகிற அரிசியை நிறுத்தி, அந்தப் பணத்தில் உங்கள் முந்திரித் தொழிலாளிக்குக் கூடுதலாகப் பருப்பும் முட்டையும் கொடுக்கலாம் அல்லவா? நான் கஞ்சத்தனத்தில் சொல்லவில்லை. இருக்கிற காசு சரியான ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறேன்.

---

நொய்யல்
நவம்பர் 16, காலை 7:10

சரியான ஆள் யார் என்று யார் முடிவு செய்வது? எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

திருப்பூரில் ஒரு தையல் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு ஊரடங்கு அறிவிப்பு வந்தது, நள்ளிரவில் நாடே மூடியது. எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் பதினொரு பேர் ஓர் அறையில் இருந்தார்கள். எல்லோரும் அந்த மாதம் சம்பளம் வாங்கியவர்கள். எந்தக் கணக்கிலும் அவர்கள் பிச்சைக்காரர்கள் அல்லர். ஊருக்கு அனுப்பியது போக மிச்சமிருந்தது பத்து நாளில் தீர்ந்தது. பிறகு ஒரு வேளைச் சோறு, இன்னொரு வேளை அந்த வடிகஞ்சியில் உப்பு. கதவைத் தட்டிக் கேட்க அவர்களுக்கு நா எழவில்லை. தண்ணீர்க் குழாயடியில் ஒரு பையன் மயங்கி உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

அப்போது இந்திய உணவுக் கழகத்தின் கணக்கில் 5 கோடி டன்னுக்கு மேல் தானியம் இருந்தது. அட்டை இல்லாத புலம்பெயர் தொழிலாளிக்கு 5 கிலோ கொடுக்கலாம் என்று மத்திய அரசு அறிவித்தது மே 14ஆம் தேதி. ஏழு வாரம்!

இப்போது எந்த மாநில அட்டைக்கும் இங்கே வாங்கலாம். தமிழ்நாடு 2020 அக்டோபரில் அதில் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பையன்களில் ஒருவன் சொன்னதைக் கேளுங்கள்: "நான் இங்கே என் 5 கிலோவை எடுத்தால் ஊரில் அம்மாவுக்கு அது குறையும்." ஆகவே அவன் எடுப்பதில்லை.

---

மட்டுறுத்துநர்
நவம்பர் 16, காலை 8:00

தங்கள் அட்டை எண், ஆதார் எண் ஆகியவற்றை யாரும் இங்கே பொதுவில் எழுத வேண்டாம். ஒருவர் எழுதியிருந்ததை நீக்கியிருக்கிறோம். விவாதம் தொடரட்டும்.

---

கெடிலக்கரை
நவம்பர் 16, பகல் 2:15

கணக்குப்பிள்ளை ஐயா, பருப்பும் முட்டையும் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கடைக்குத் துவரம் பருப்பு ஒரு மாதம் தாமதமானால் எனக்குக் கிடைக்கிற வசவு அரிசிக்குக்கூடக் கிடைப்பதில்லை. கிலோ 30 ரூபாய்ப் பருப்பும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலும்தான் எங்கள் பக்கத்துக் குழம்புச் சட்டி. கடத்தலும் உண்மை. என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் வடிகட்டினால் சரியான ஆளுக்குப் போகும் என்று நம்புகிறீர்களே, நாடு முழுக்க அதைச் செய்து பார்த்தாகிவிட்டது. 1997இல் வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று அட்டையைப் பிரித்தார்கள். 2004-05 தேசிய மாதிரி ஆய்வைப் பார்த்தால், கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதியிடம் "கீழே" என்கிற அட்டை இல்லை. ஊர்ப் பெரியவரின் மச்சான் வீட்டில் இருந்தது. அந்தப் பிரிவினைக்கு இணங்காமல் எல்லோருக்கும் கொடுத்த மாநிலம் நம்முடையது. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் என்று வரம்பு கட்டியது. அந்தச் சதவீதத்துக்கான தலைக்கணக்கு இன்று வரை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்துதான். அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகள், பிரிந்துபோன குடும்பங்கள் எல்லாம் யாராவது ஒருவர் பெயர் நீங்கட்டும் என்று காத்திருக்க வேண்டும்.

சரி, பட்டியலைத் தப்பில்லாமல் எடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 29ஆம் தேதி எங்கள் பகுதியில் ஏழைகளைக் கணக்கெடுத்திருந்தால் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதில் வந்திருக்காது. நான்கு ஏக்கர் முந்திரித் தோப்பு, மாடி வைத்த வீடு, மோட்டார் சைக்கிள். மறுநாள் விடியற்காலை தானே புயல் கரையைக் கடந்தது. பொழுது விடிந்து பார்த்தால் தோப்பில் நிற்கிற மரம் என்று ஒன்று இல்லை. வேரோடு புரண்டு, ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. பலாவும் அப்படியே. முந்திரி மறுபடி வைத்துக் காய்ப்புக்கு வர வருடங்கள் ஆகும். அந்த வீட்டு அம்மா ஜனவரியில் என் கடைக்கு வந்தார். அதுவரை அவர் வந்ததேயில்லை, சர்க்கரைக்கு மட்டும் வேலையாளை அனுப்புவார். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். அவருடைய முறை வந்ததும் மெல்லிய குரலில், "எனக்கும் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு அம்மா, உங்கள் அட்டைக்கு எப்போதுமே உண்டு" என்றேன்.

அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு யாரிடமும் மனுப்போட்டு அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. வடிகட்டிய பட்டியல் இருந்திருந்தால், "தாசில்தாரிடம் மனு கொடுங்கள், விசாரணைக்கு வருவார்கள், ஆறு மாதத்தில் தெரியும்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

---

கொழுந்துக்கூடை
நவம்பர் 16, இரவு 8:50

இலங்கையில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். உங்கள் இழையை என் தம்பி அனுப்பிவைத்தான். நீங்கள் எல்லோரும் "ஏழைக்கு மட்டும் என்று வந்தால் என்ன ஆகும்" என்று பேசுகிறீர்கள். எங்கள் நாட்டில் அது வந்துவிட்டது.

இலங்கையில் 1942இலேயே அரிசிப் பங்கீடு தொடங்கியது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் நின்றது. பிரதமராக இருந்த டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி அவ்வளவு பெரிய உரிமையாக இருந்தது. பிறகு 1978இல் வருமானம் பார்த்துப் பாதிப் பேரை நீக்கினார்கள். 1979இல் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை, கடையில் கொடுத்துப் பொருள் வாங்குகிற சீட்டு. முத்திரையில் எழுதியிருந்தது ரூபாய் அல்லவா, விலைவாசி ஏற ஏற அதற்குக் கிடைக்கும் அரிசி சுருங்கிக்கொண்டே வந்தது. இந்த முறை தெருவில் யாரும் இறங்கவில்லை. பாதி நாட்டுக்கு அது தங்கள் பிரச்சினையாகவே இல்லாமல் போய்விட்டது. எனக்கு விளங்கிய வரையில், எல்லோருக்கும் பொதுவாக இருந்ததை ஏழைக்கு மட்டும் என்று ஆக்கியதும் அதற்காகப் பேச ஆளில்லாமல் போகிறது.

2022ஐச் சொல்கிறேன். அந்த செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. பத்துக் குடும்பங்களில் மூன்றுக்குச் சாப்பாடு நிச்சயமில்லை என்று உலக உணவுத் திட்டம் கணக்குச் சொன்னது. தோட்டத்தில் நாட்கூலி 1,000 ரூபாய், அதுவும் கொழுந்து இத்தனை கிலோ நிறுத்தால்தான். எங்கள் சாப்பாடு கோதுமை மா ரொட்டி. மாவின் விலை ஏறியதும் அம்மா முதலில் தேங்காய்ப்பூவை நிறுத்தினார். பிறகு எண்ணெயை நிறுத்தினார். உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து வெறும் தகட்டில் சுட்டது, ஆறினால் கல்லாகிவிடும். ஒன்றை நான்காக வெட்டி, பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இரண்டு துண்டு, அப்பாவுக்கு இரண்டு. அம்மா வெறுந்தேநீரைக் குடித்துவிட்டு மலைக்குப் போவார். கேட்டால், "எனக்குக் காலையில் பசிப்பதில்லை" என்பார். பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மாவின் கூடை மற்றவர்களுடையதைவிட எடை குறைவாக இருக்கும். எடை குறைந்தால் அன்றைய பெயரும், அதாவது நாட்கூலிக் கணக்கும், முழுதாக விழாது.

2023இல் புதிய நலன்புரித் திட்டம் வந்தது. வீடு எப்படி, மின்சாரம் எவ்வளவு, படிப்பு என்ன என்று அளவுகோல் வைத்துப் புள்ளி போட்டார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒரே கூரையின் கீழே பத்துக் குடும்பங்கள், தோட்டத்தின் பெயர்தான் எல்லோருக்கும் முகவரி. அடுத்தடுத்த காம்பரா (அறை), ஒரே சம்பளம், ஒரே ஒழுகல். ஒரு வீட்டுக்குப் பெயர் வந்தது, பக்கத்து வீட்டுக்கு வரவில்லை. மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். நாட்டில் இலட்சக்கணக்கானோர் செய்தார்கள். அந்த இரண்டு வீட்டுக்காரிகளும் சிறு பிள்ளையிலிருந்து கூட்டாளிகள். இப்போது பேச்சு இல்லை. பட்டியலில் பெயர் வராமல் போனதோடு அந்த உறவும் போய்விட்டது.

---

பள்ளிமணி
நவம்பர் 17, காலை 6:30

சுருக்கமாக ஒன்று. அரசுத் தொடக்கப் பள்ளியில் 22 வருடமாக ஆசிரியை. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்குவதற்கு முன்னால் எங்களுக்குத் திங்கட்கிழமை என்றாலே பயம். வெள்ளிக்கிழமை மதியம் சத்துணவு சாப்பிட்ட பிறகு சில பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுவது திங்கள் மதியம்தான். காலை இறைவணக்கத்தில் நிற்கும்போது மயங்கி விழுவார்கள். என் மேசையில் எப்போதும் ஒரு பொட்டலம் பொட்டுக்கடலையும் வெல்லமும் வைத்திருப்பேன்.

"யாரெல்லாம் சாப்பிடவில்லை, கை தூக்குங்கள்" என்று ஒரே ஒரு முறை வகுப்பில் கேட்டிருக்கிறேன். ஒரு கைகூட எழவில்லை. அதில் இரண்டு பிள்ளைகள் முந்தின இரவும் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. ஏழைக்கு மட்டும் என்று சொல்லுமுன் அந்த எழாத கைகளை நினைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது எல்லோருக்கும் ஒரே பந்தியில் பொங்கலும் உப்புமாவும் கிடைக்கிறது. யாரும் கை தூக்க வேண்டியதில்லை.

---

கணக்குப்பிள்ளை
நவம்பர் 17, மாலை 7:05

கொழுந்துக்கூடை அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. தானே புயல் வாதத்துக்கு என்னிடம் நேரான பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கணக்கில் வறுமை என்பது ஆளோடு ஒட்டிய ஒன்றாக இருந்தது. ஒரே இரவில் வந்து சேரும் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

இரண்டு கேள்விகள் மட்டும். ஒன்று, அரிசிக்குப் பதில் வங்கியில் பணமாகப் போட்டுவிட்டால்? கடத்தலும் இல்லை, கைரேகையும் இல்லை, அவரவர் விருப்பப்படி முட்டையோ பருப்போ வாங்கலாம். இரண்டு, ஏழையைத் தேடிப் பிடிக்காமல், வருமான வரி கட்டுகிறவர்களையாவது மேலிருந்து நீக்கினால் என்ன?

---

முத்தியால்பேட்டை
நவம்பர் 17, இரவு 9:30

முதல் கேள்விக்கு எங்கள் புதுச்சேரியிலிருந்து பதில் சொல்கிறேன். சண்டிகரிலும் எங்கள் ஊரிலும் 2015 செப்டம்பரில் அரிசிக்குப் பதில் பணம் என்று தொடங்கினார்கள். பல வருடம் ரேஷன் கடைகள் பூட்டியே கிடந்தன.

பணம் வந்தது. ஆனால் எந்தத் தேதியில் வரும் என்று யாருக்கும் தெரியாது. என் மாமியார் பாஸ்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு நடப்பார். "இன்னும் ஏறவில்லை" என்பார்கள். ஏறியபோது குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்தம் போயிருக்கும். மீதியை எடுத்து வருவதற்குள் வீட்டில் குடிக்கிறவர் கை நீண்டுவிடும். அரிசி மூட்டையை விற்றுக் குடிக்கவும் ஆள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு போவது தெருவுக்கே தெரியும். பணம் போனால் யாருக்கும் தெரியாது. கடைசியில் 2024 தீபாவளியையொட்டிக் கடைகளை மறுபடியும் திறந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் அன்று பையோடு நின்ற வரிசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஜார்க்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்து நக்ரி வட்டாரத்திலும் 2017 அக்டோபரில் இதேபோல் செய்தார்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் கொடுத்து வாங்கிய மக்கள் வங்கியில் பணம் எடுத்து வந்து 32 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று. பத்து மாதப் போராட்டத்துக்குப் பிறகு கைவிட்டார்கள்.

---

நொய்யல்
நவம்பர் 17, இரவு 10:10

ஜார்க்கண்ட் என்றதும் ஒன்று. எங்கள் பையன்களில் ஒருவனுக்குச் சிம்டேகா மாவட்டம். 2017 செப்டம்பரில் அங்கே 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் அந்த வீட்டின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. மலேரியாவால் இறந்தாள் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். சோறு கேட்டுக்கொண்டே இறந்தாள் என்று தாய் சொன்னார். தசராப் பூசை விடுமுறையில் பள்ளி மூடியிருந்ததால் மதிய உணவும் அப்போது இல்லை. பள்ளிமணி அம்மா எழுதிய திங்கட்கிழமையைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

---

கெடிலக்கரை
நவம்பர் 19, இரவு 9:15

இரண்டு நாளாகக் கடையில் சரக்கு இறக்கம், எழுத முடியவில்லை.

கணக்குப்பிள்ளை ஐயாவின் இரண்டாவது கேள்விக்கு: வரி கட்டுகிறவர்களை மேலிருந்து நீக்குவதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. அரிசி வேண்டாம் என்கிறவர்களுக்கு இப்போதே சர்க்கரை அட்டை இருக்கிறது, விட்டுக்கொடுக்கவும் வழி இருக்கிறது. வசதி வந்தபோது விட்டுக்கொடுத்தவர், வசதி போனபோது ஒரே நாளில் திரும்ப வர முடிய வேண்டும். அந்த ஒரு நிபந்தனையை மட்டும் எழுத்தில் வைத்துவிட்டு யாரை வேண்டுமானாலும் நீக்குங்கள். அது இல்லாமல் எந்தப் பட்டியலையும் நான் நம்பமாட்டேன்.

முந்திரிக்கொட்டை உடைக்கிற அம்மாவைப் பற்றிச் சிலர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் ஆகஸ்டில் வந்திருக்கிறது. ஆனால் அவர் அந்த வயதுக்குள் வரவில்லை. வர இயலாதவர்கள் வேறொருவரை நியமிக்கும் படிவம் ஒன்று கடையிலேயே உண்டு. அவருக்கு நியமிக்க ஆள் யாரும் இல்லை. கடைசியில் எண்ணை மாற்றுவதுதான் வழி என்று முடிவாயிற்று. அவரிடம் செல்பேசியே கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் எண்ணைக் கொடுக்கச் சம்மதித்தார். செவ்வாய்க்கிழமை இருவரும் சேர்ந்து வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போயிற்று. பஸ் டிக்கெட் வேறு.

இன்று மாலை கடையைப் பூட்டுகிற நேரத்தில் வந்தார். எண் மாறிவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அடுத்த மாதமும் நோட்டில் கையெழுத்துப் போட்டால் கொடுப்பாயா?" என்று கேட்டார். கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கைரேகைக்குப் பதிலாகக் கருவிழிப் பதிவுக் கருவி உங்கள் பகுதிக் கடைகளில் யாருக்காவது வந்திருக்கிறதா? எங்களுக்கு இன்னும் வரவில்லை. வந்த இடத்தில், கண்புரை அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு அது ஒழுங்காக எடுக்கிறதா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அவருக்கு ஒரு கண்ணில் செய்திருக்கிறது.